தவிடு தின்ற மீன்கள்

கொள்ளிடத்தில் மீன்குஞ்சு விட்டபோது என்னைக் காவலுக்குப் போட்டார்கள். திருமழபாடிக்குக் கிழக்கே ஒரு மடு. ஆறு வற்றினாலும் அதில் மட்டும் தண்ணீர் நிற்கும். அங்கேதான் விட்டார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். கையெழுத்துப் போடத் தெரியும். அது போதும் என்றார் மீன் ஆபீசர்.

தை மாசம். குஞ்சுகள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் வந்தன. ரோகு, கட்லா. விரல் நீளம் இருக்கும். பையோடு அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட்டோம். ஆற்றுச் சூடு பழக வேண்டுமாம். பிறகு வாயை அவிழ்த்தோம்.

"ஆடியில புதுத்தண்ணி வர்ற வரைக்கும் பாத்துக்குங்க" என்றார் ஆபீசர். "அப்புறம் அதுங்க ஆறு பூரா போயிடும். அதுவரைக்கும் யாரும் புடிக்கக் கூடாது. கொசுவலை போடுறவங்கள கிட்டயே விடாதீங்க."

காலையும் சாயங்காலமும் கரையைச் சுற்றினேன். வலையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். சண்டை வந்தது. என் பெண்டாட்டியின் அண்ணனையே இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன்.

"என்ன மாப்ள, ஆத்தை உன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"ஆடி வரைக்கும்தான் மச்சான்."

"அதுவரைக்கும் உங்கிட்ட சீட்டு வாங்கிட்டுதான் குளிக்கணும் போல."

பங்குனியில் மடு முழங்காலுக்கு இறங்கியது. மீன்கள் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. தலை பெருத்து உடம்பு சிறுத்துத் தெரிந்தது. பசி என்று நினைத்தேன். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி எடுத்துப் போய்த் தூவினேன். முதல் நாள் ஒதுங்கி நின்றன. நாலாம் நாள் வந்தன. அப்புறம் நான் தண்ணீரில் காலை வைத்தாலே சுற்றிக்கொண்டன. விரலிடுக்கில் வாயை வைத்து உறிஞ்சின.

யாரும் போடச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

ஒரு நாள் மச்சான் கரையில் நின்று பார்த்தார்.

"எங்க வூட்டுல உனக்குக்கூட இப்படிப் பரிமாறுனதில்லயே மாப்ள."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

சித்திரையில் அரியலூர் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். மீன் எப்படி இருக்கிறது என்று ஆபீசர் கேட்டார்.

"நல்லா இருக்குங்க சார். காலை வெச்சா ஓடி வருது."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏன் வருது?"

சொன்னேன்.

"ஆளைக் கண்டா அது ஓடணும்யா. யாரு காலுன்னு அதுக்குத் தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருமானூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஊர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

வாசலில் அலுமினியச் சட்டி நிறைய மீன். பெண்டாட்டி உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் குடுத்துட்டுப் போச்சு" என்றாள். "வயித்தைக் கிழிச்சா பூரா தவிடா வருது."

மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் மறைக்கவில்லை.

"வலையே போடல மாப்ள. தவிட்டைத் தூவுனேன், கூடையால அள்ளுனேன். அதுங்களே வந்து ஏறுது, நான் என்ன பண்ண? பாத்துட்டு இன்னும் நாலு பேரு எறங்குனாங்க."

"இன்னும் மூணு மாசம்தான் மச்சான் இருந்துச்சு."

"நீ வளத்த மீனுன்னுதான் உன் வூட்டுக்கு மொதல்ல குடுத்தேன்."

திரும்பி வந்தேன். பெண்டாட்டி சோற்றில் குழம்பை ஊற்றினாள். சாப்பிட்டேன்.

விடிந்ததும் மடுவுக்குப் போனேன். கரையெல்லாம் தவிடு சிந்திக் கிடந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை. ஐம்பது, அறுபது மீன் மிச்சம் இருக்கும். என் நிழல் விழுந்ததும் வந்தன. நான் இறங்கவில்லை. பயந்து ஓடட்டும், இனி ஆளைக் கண்டால் ஒதுங்கட்டும் என்று ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.

கல் விழுந்த இடத்துக்கே வந்து வாயைத் திறந்தன.

இன்னொரு கல் எறிந்தேன். அதற்கும் வந்தன.