பங்கு போட்ட டியூப்

தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஆண்டர்சன்பேட்டை கொர்னேலியஸின் இடது கால் பெருவிரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரைப் புண், மழைக்காலம் முழுக்க ஆறவில்லை. சுரங்கத்தில் பாறை விழுந்தபோதுகூடத் தப்பிய விரலை நாலு மைசூர்பாகுக்காகக் கொடுப்பேனா என்று மனைவி ஐடாவிடம் மல்லுக்கு நின்றார்.

பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புது ஜெல்லைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடுவதாக அப்போதுதான் காதில் விழுந்தது. பக்கத்து லைன் வீட்டு வேலுவுக்கும் குதிகாலில் அதே புண். சுரங்கம் மூடும்வரை இருவரும் ஒரே கேங். காலை ரயிலில் ஒன்றாகவே போனார்கள்.

நர்ஸ் சுனிதா விளக்கினாள். இதில் ஸ்டெம் செல்லை உடம்பில் ஏற்றுவதில்லை. புட்டியில் வளரும் செல்கள், தம்மைச் சுற்றியுள்ள திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை விடும். புண்ணை ஆற்றச் சொல்லும் சேதி அவற்றுக்குள் இருக்கிறது. செல்லை வடிகட்டிவிட்டு, அந்தத் திரவத்திலிருந்து ஜெல் செய்கிறார்கள்.

"முன்னெல்லாம் அந்தத் தண்ணிய கீழ ஊத்திடுவாங்க, அங்கிள்."

"நம்ம சயனைடு மேடு மாதிரி சொல்லு. தங்கம் எடுத்துட்டு வேணாம்னு கொட்ன மண்ணுலயே மறுபடி தங்கம் எடுத்தாங்க," என்றார் கொர்னேலியஸ்.

"ஆனா பாதிப் பேருக்குதான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் ஜெல். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

ஆளுக்கொரு டியூப் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பும்போது வேலு தன்னுடையதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மச்சான், உனக்கு மருந்து வந்து எனக்கு வெறும் ஜெல்லு வந்துட்டா?"

"இன்னாடா பேசற? சுரங்கத்துல, கீழ லெவல்ல என்னிக்காவது தனியா துன்னுருக்கியா நீ?"

கீழே ஒருவன் சோற்று டப்பாவைத் திறந்தால் கேங் முழுக்கக் கை வைக்கும். அதே வழக்கப்படி, ஒரு நாள் கொர்னேலியஸின் டியூப் இருவருக்கும், மறுநாள் வேலுவுடையது என்று போட்டுக்கொண்டார்கள்.

சில வாரத்தில் இருவரின் புண்ணும் சுருங்கியது. பரிசோதனைக்கு மறுபடி பெங்களூர் போனார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆறுதே! டாக்டருக்கு ஒரே சந்தோஷம்," என்றாள் சுனிதா.

கொர்னேலியஸ் தன் பெருவிரலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டால் ஜெல் தொடரும், விரல் மிஞ்சும். திறந்தால் ஜெல் நின்றுபோகும். வேலு அவருடைய நல்ல காலை மெல்ல மிதித்தார்.

"மிதிக்காதடா. யம்மா, ரெண்டு டியூபயும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கினோம்."

சுனிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அங்கிள்! உங்க ரெண்டு பேர் கணக்கும் போச்சு. இனி ஜெல்லும் கிடையாது."

"போவட்டும். சுரங்கத்துல தப்பா பெல் அடிச்சா, கேஜ் லிஃப்ட்ல எறங்கறவன் கதி இன்னா? அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் இந்த மருந்த நம்பி கால நீட்டப் போறான் இல்ல?"

சோதனையிலிருந்து இருவரையும் நீக்கினார்கள். அதன்பிறகு சாதாரணக் கட்டும், ஐடாவின் கெடுபிடியும்தான். புண் மெதுவாக மூடிக்கொண்டது. ஜெல் ஆற்றியதா, ஐடா ஆற்றினாரா என்று யாராலும் சொல்ல முடியாது. கொர்னேலியஸுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "கணக்கு நேரா வரட்டும். அப்புறம் பாரு, நம்ம மெடிக்கல் ஷாப்லயே கெடைக்கும்," என்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நொண்டாமல் நடந்தபடி பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். சோதனை இன்னும் நடக்கிறது.

போன ஜனவரியில் நெஞ்சுவலி கொர்னேலியஸைக் கொண்டுபோய்விட்டது. கல்லறைக்குப் புறப்படுமுன் ஐடா ஷூ மாட்டிவிட்டார். இடது காலை வேலு பிடித்துக்கொண்டார். ஷூ பெருவிரல்வரை நிறைந்து, சரியாகப் பொருந்தியது.