தங்கை முகம் போட்ட சோப்பு

சோப்புக்காரி பதினைந்து வருடமாகச் சோப்பு விற்பது தங்கையின் முகம் அச்சிட்ட உறையில்தான். அதை வெளிநாட்டில் வர்த்தக முத்திரையாகப் பதிய, படத்தில் இருப்பவரின் சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி என்றார் வக்கீல். அக்காவும் தங்கையும் பேசி நாலு வருடம் ஆகிறது. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தபின் அக்கா போன் செய்தாள்.

“சோப்பு உறையில இருக்கிற உன் படத்துக்கு ஒரு கையெழுத்து வேணும்டி.”

“இத்தனை வருஷமா என் மூஞ்சிய வித்தப்போ கேக்கத் தோணலியாக்கா?”

“உன்கிட்டயும் கேக்கணுமான்னு இருந்துட்டேன்.”

மறுமுனையில் தங்கை தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“நீயே கொண்டு வா. ஆள்கிட்ட குடுத்தனுப்பினா போட மாட்டேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா தெருமுனைவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்புறம்தான் கடிதம் மேசையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது.