அரைமூணு என்றால் ஐம்பது

போடில் கிராகெலுண்ட் எண்களுக்குப் பயந்து ஓடித்தான் நூலகத்துக்குள் புகுந்தாள். புலிக்குப் பயந்தவன் புலிக் குகையிலேயே போய்ப் படுத்த கதைதான்.

லிம்ஃபியோர்டு என்ற கடற்கழிக் கரையில் அவள் அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தார். அந்தக் கரையில் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாதிரியாரின் தொப்பி ஒருமுறை பறந்துபோய் ஸ்வீடனில் இறங்கி, அங்கேயே தனக்கொரு பாதிரியாரைத் தேடிக்கொண்டது. அப்படியொரு காற்று நாளில் வெள்ளிவிழாக் கொண்டாடும் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் வாசலில் தழை வளைவு கட்டிப் பாட்டுப் பாடித் தம்பதியை எழுப்புவார்கள்; பாடிய வாய்க்கெல்லாம் வெண்ணெய் தடவிய வட்டரொட்டி கொடுத்தாக வேண்டும்.

"நாலும் எண்பதும் வேணும்," என்றது தொலைபேசி.

டேனிஷ் மொழியில் எண் எப்போதும் வாலில் இருந்துதான் புறப்படும். எண்பத்து நான்கு என்று சொல்லாமல் நாலும் எண்பதும் என்பார்கள். பத்து வயதுப் போடில் காதில் விழுந்தபடியே எழுதினாள், முதலில் 4, அப்புறம் 8. அப்பா நாற்பத்தெட்டு ரொட்டி சுட்டு அனுப்பினார். பாடியவர்களில் பாதிப் பேருக்குக் காற்றுதான் பலகாரம். டிரம்பெட் ஊதியவர் பசி தாங்காமல் வாத்தியத்தையே கடித்தாராம். பல் தடம் இன்னும் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் போய்ப் பார்க்கலாம். அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் 'நாற்பத்தெட்டு'.

இனி எண்களோடு சகவாசமே கூடாது என்று சபதம் போட்டு நூலகப் படிப்புப் படித்தாள். முதல் நாள் வேலைக்குப் போய், முதல் புத்தகத்தைக் கையில் எடுத்துத் திருப்பினால் முதுகில் ஒட்டியிருக்கிறது எண்! ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒன்று. விலங்குகளுக்கு 58, சமையலுக்கு 64. போடில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருந்தாலும் ஓடவில்லை. ஊர்ப் பள்ளி நூலகத்தில் தலை நரைக்கும்வரை நிலைத்துவிட்டாள். பிள்ளைகள் பேய்க்கதை வாசித்தால் அலமாரிக்குப் பின்னால் நின்று மெதுவாக முனகுவாள். கோடை வந்தால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு திரிவாள். ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலையில், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அந்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறை முடிந்த கையோடு, வெள்ளிக்கிழமை கேக் நேரத்தில் வந்தது வினை. தலைமையாசிரியர் ரெக்னர் வாயில் கேக்கோடுதான் கெட்ட செய்தி சொல்வார். இனிப்போடு போனால் வலிக்காது என்று எண்ணம்.

"ரெண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை முடிவு வந்திருச்சு. நகராட்சியிலேயே நாமதான் கடைசி."

"கீழேருந்து எண்ணினா முதல்," என்றாள் போடில்.

"சிரி, நல்லாச் சிரி," என்றான் கணக்கு ஆசிரியன் பிரெபென். அவளுடன் அதே பள்ளியில் படித்தவன். டிரம்பெட் கதையை அவளைவிட நன்றாகச் சொல்வான். "எனக்குன்னு ஒரு கணக்கு அறை வேணும், போடில். கட்டை, தராசு, மணிச்சட்டம் எல்லாத்தையும் மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கேன். உன் நூலகத்துல மத்தியானம் ஆனா ஈ கூட வர்றதில்ல."

"ஈ வருது. வாசிச்சிட்டுத்தான் போகுது. நீதான் வர்றதில்ல."

ரெக்னர் இன்னொரு துண்டு கேக்கை வாயில் திணித்துக்கொண்டார். இரண்டாம் துண்டு என்றால் செய்தி இன்னும் மோசம்.

"நகராட்சிக் குழு வந்து பார்த்து முடிவு பண்ணும். நூலகமா, கணக்கு அறையான்னு. கணக்கு அறைன்னு ஆச்சுன்னா புத்தகமெல்லாம் டவுன் நூலகத்துக்குப் போயிரும். உனக்கு நகராட்சி அலுவலகத்துல கோப்பு அடுக்குற வேலை. நிலவறையில. சம்பளம் அதேதான், கவலைப்படாதே."

நிலவறை! முனகினால் பயப்படக்கூட அங்கே ஆள் கிடையாது.

"எப்போ வர்றாங்க?"

"வாரம் நாலும் இருபதும்."

அந்த ஊரில் கல்யாணத்துக்கும் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்ப்புக்கும் தேதி கிடையாது, ஆண்டின் எத்தனையாவது வாரம் என்ற எண்தான். போடில் நூலகத்துக்கு ஓடிப்போய் நாட்காட்டியில் சிவப்பு மையால் பெரிய வட்டம் போட்டாள். வட்டம் அக்டோபரில் விழுந்தது, இலையுதிர்கால விடுமுறைக்கு நடுவில்.

"பாத்தியா திருட்டுத்தனத்தை! பிள்ளைங்க ஒண்ணுகூட இல்லாத லீவு வாரமாப் பாத்து வர்றாங்க," என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் ஆறு மாதம் இருக்கிறதே. ஆறு மாதத்தில் ஆனையைக்கூட வாசிக்க வைத்துவிடலாம்.

இரண்டாம் வகுப்பு அல்பெர்டெ நூலகத்துக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம். தோட்டத்துப் புதருக்குள் ஒரு முள்ளெலி குடிவந்துவிட்டது, அது என்ன தின்னும் என்று தெரிய வேண்டும்.

"எட்டும் அரைமூணும். அந்தப் பக்கம் போய்ப் பாரு," என்றாள் போடில். அந்த மொழியில் ஐம்பதுக்குப் பெயர் அரைமூணு. ஏன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தொண்ணூறு என்று சொல்லும்போது நூறை எதற்கு இழுக்கிறோம் என்று நாம் மட்டும் கேட்டோமா?

அல்பெர்டெ தன் தலையைவிடப் பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். எண்பத்தைந்தாம் எண்ணில் இருந்த அயல்நாட்டுக் கவிதை.

"இதுல முள்ளெலியே இல்ல, போடில்."

"எட்டும் அரைமூணும்னுதானே சொன்னேன்?"

"எட்டுன்னு முதல்ல சொன்னே. நான் எட்டுகிட்ட போனேன். அப்புறம் அரைமூணு. அரைமூணுன்னா ஒன்றரைதானே? ஒன்றரை எங்கேயும் இல்ல. அதான் கைக்கு வந்ததை எடுத்தேன்."

போடில் இரண்டு கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். எட்டு முதலில் கேட்டது, எட்டிடம் போனது. ரொட்டிக்கடையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற இன்னொரு சிறுமிக்கும் நியாயம் அதுதானே!

"அரைமூணுன்னா ஏன் ஐம்பது?" என்றாள் அல்பெர்டெ.

"தெரியாது," என்றாள் போடில். "ஆனா எங்க தேடணும்னு தெரியும்."

சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த அகராதியை இருவரும் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டு தேடினார்கள். கிடைத்தது. பழைய காலத்து மனிதர்கள் இருபது இருபதாக எண்ணியிருக்கிறார்கள். இரண்டு இருபது முழுசாக முடிந்து, மூன்றாவது இருபதில் பாதி வந்தால் அது அரைமூணு. ஐந்தாவது இருபதில் பாதி வந்தால் அரையைந்து, அதாவது தொண்ணூறு. "மூணுல பாதி இல்லடி, மூணாவதுல பாதி!" என்று போடில் கத்திய கத்தலில் முள்ளெலி தோட்டத்தைக் காலி செய்திருக்கும்.

ஜன்னலோரம் ஐந்து தட்டு வைத்த அலமாரி ஒன்று நின்றது. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு பலகை. முதல் வாசிப்புக்கான ஒல்லிப் புத்தகங்களைப் பலகைக்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று அடுக்கினால் தட்டுக்கு இருபது ஆயிற்று. மிச்சம் நிற்கும் ஒற்றைப் புத்தகங்களுக்கு அலமாரியின் வலப்பக்கத்தில் தள்ளுவண்டி. எந்த எண்ணையும் புத்தகத்தாலேயே கட்டலாம். எழுத வேண்டுமென்றால் அலமாரியில் நிறைந்த பாதித் தட்டுகளை எண்ணி முதலில் எழுது. வண்டியில் இருப்பதைப் பிறகு எழுது.

"வாய் வண்டியில ஆரம்பிக்கும், கை அலமாரியில ஆரம்பிக்கும்." அல்பெர்டெதான் முதலில் சொன்னாள். சொல்லி ஒரு வாரம் ஆவதற்குள் இரண்டாம் வகுப்பு முழுக்க அதைப் பாட்டாகப் பாடிற்று. எடுத்து அடுக்கிய புத்தகத்தை வாசிக்காமல் வைக்கக் கூடாது என்று போடில் சட்டம் போட்டாள். ஆகவே கணக்கோடு பன்றிக்குட்டிக் கதைகளும் உள்ளே போயின. கேக் செய்முறைப் புத்தகத்தைப் பிரித்துவைத்து, நாலு பேருக்கான மாவை ஆறு பேருக்கு ஆக்குவது எப்படி என்று சண்டை நடந்தது. சண்டையின் முடிவை அடுப்பில் வைத்துத் தின்றும் பார்த்தார்கள்.

பிரெபென் ஒருநாள் கதவு வழியே தலையை நீட்டினான். "என்ன, படிக்கிறதை விட்டுட்டு எண்ணிக்கிட்டிருக்கே? புத்தகம் காணாமப் போச்சா?"

"புத்தகம் இருக்கு. கணக்கு வாத்தியார்தான் காணோம்."

ஜூன் மாதம் வந்தது. போடிலுக்குப் புதிதாக ஓர் ஆசை: அலமாரியை மொத்தமாகக் காலி செய்து, பிள்ளைகளையே ஒன்றிலிருந்து நூறுவரை ஏற்றச் செய்வது. அக்டோபருக்குத்தான் நாள் இருக்கிறதே! அந்தச் செவ்வாய்க்கிழமை நூலகத் தரையே தெரியவில்லை. புத்தகங்களுக்கு நடுவே பிள்ளைகள். பிள்ளைகளுக்கு நடுவே போடில், வெறுங்காலோடு, மடியில் கிண்ணம் வைத்துக் குளிர்ந்த மோர்க்கூழில் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டு. கதவு திறந்தது.

முன்னால் ரெக்னர். பின்னால் பிரெபென். நடுவில் நகராட்சிக் குழுவின் தலைவி அஸ்டா ராஸ்க். அவளோடு உறுப்பினர்கள் இரண்டு பேர். கடைசிவரை வாயே திறக்கவில்லை, ஆகவே பெயர் நமக்கு வேண்டாம்.

"போடில்! என்ன கோலம் இது?" என்றார் ரெக்னர்.

"நீங்கல்லாம் எதுக்கு இப்போ…"

"குழு! இன்னிக்கு! வாரம் நாலும் இருபதும்!"

எல்லாக் கண்களும் நாட்காட்டிக்குப் போயின. அங்கே நாற்பத்திரண்டாம் வாரம் சிவப்பு வட்டத்துக்குள் தெளிவாக உட்கார்ந்திருந்தது.

"அடி நாற்பத்தெட்டு!" என்று பிரெபென் வெடித்துச் சிரித்தான். சிரித்தவன் போடிலின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

போடில் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தப்பு என்னுதுதான். நாலுன்னு கேட்டுச்சு, நாலை முதல்ல எழுதிட்டேன். மூடறதுன்னா மூடுங்க. நிலவறைக்குப் போறேன். ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு மண்டையில ஒண்ணுமில்லன்னு மட்டும் எழுதி வெக்காதீங்க. அப்படின்னா என் மண்டையிலயும் ஒண்ணுமில்ல. எனக்குத் தலையே நரைச்சிருச்சு."

அல்பெர்டெ புத்தகங்களைத் தாண்டித் தாண்டி நாட்காட்டிக்குப் போனாள்.

"பயப்படாதே போடில், எல்லாருக்கும் வர்றதுதான்," என்றாள். பிறகு அஸ்டாவிடம், "வாய் வண்டியில ஆரம்பிக்கும், கை அலமாரியில ஆரம்பிக்கும். இவ கையையும் வண்டியில வெச்சுட்டா. அவ்வளவுதான்."

"எந்த வண்டி?" என்றாள் அஸ்டா.

"உன் வீட்டு எண் என்ன, சொல்லு."

"ஆறும் அரையைந்தும்."

அடுத்த நொடி நூலகத்தில் சந்தைக்கடை இரைச்சல். ஆளுக்குப் பத்துப் பத்தாக அள்ளி, தட்டுகளில் ஏற்றினார்கள். நாலு தட்டு நிரம்பி, ஐந்தாவதில் நடுப்பலகை வரை வந்து நின்றது. ஒருவன் ஆறு புத்தகத்தை வண்டியில் வைத்தான்.

"இதுதான் உன் வீடு. பாதித் தட்டை எண்ணு," என்றாள் அல்பெர்டெ.

அஸ்டா விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது. வண்டியில் ஆறு. காற்றில் 96 என்று எழுதிப் பார்த்தாள். பிறகு பாதி நிறைந்த ஐந்தாம் தட்டின் முன் குனிந்து வெகுநேரம் நின்றாள்.

"அரையைந்து," என்றாள். "கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சொல்றேன். தபால்காரன்கிட்ட சொல்றேன், டாக்டர்கிட்ட சொல்றேன். என்ன சொல்றேன்னு இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன்."

பிரெபென் கன்னத்தைச் சொறிந்துகொண்டான். "ரெக்னர், அந்தப் பரீட்சையில எண்ணையெல்லாம் நான்தான் வாயால சொன்னேன். பிள்ளைங்க கேட்டு எழுதினாங்க. பாதிப் பேரு காதுல விழுந்த வரிசையிலயே எழுதிட்டுப் போயிருக்காங்க. அதுங்களுக்குக் கூட்டத் தெரியும். தப்பா எழுதின எண்ணைச் சரியாத்தான் கூட்டியிருக்கு."

"அதை இவ்வளவு நாள் பாக்கலியா?" என்றார் ரெக்னர்.

"என் அறை மாடிப்படிக்கு அடியில. அங்க வெளிச்சம் இல்ல."

அஸ்டா தன் ஆட்களைப் பார்த்தாள். அவர்கள் தரையில் உட்கார்ந்து ஒரு பன்றிக்குட்டிக் கதையில் மூழ்கியிருந்தார்கள்.

"கணக்கு அறை வேணும்னு கேட்டீங்க," என்றாள். "இது பின்ன என்ன, குளிக்கிற அறையா? நூலகம் இங்கதான் இருக்கும். பிரெபென், உன் கட்டையையும் தராசையும் தூக்கிக்கிட்டு நீ இங்க வந்துரு."

"இவகூடயா!"

"காப்பிக் கோப்பையை என் புத்தகத்து மேல வெச்சே, தொலைஞ்சே," என்றாள் போடில். சொல்லிக்கொண்டே தலையில் இருந்த கண்ணாடியைத் தேடினாள்.

"உன் வெறுங்காலை என் தராசுல வெச்சா மட்டும் சும்மா இருப்பேனா?"

பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையில் அக்கறையில்லை. நாலு புத்தகத்தைச் சேர்த்து ஐந்தாம் தட்டையும் நிரப்பி நூறு ஆக்கிவிட்டார்கள். அல்பெர்டெ கையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

"இது நூத்தியோராவது, வண்டியில வெக்கலாம். எல்லாத் தட்டும் நிறைஞ்சிருச்சே, இதுக்கப்புறம் வர்றதை எங்க வெக்கிறது?"

எல்லாரும் அலமாரியைப் பார்த்தார்கள். பிறகு அஸ்டா தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அதில் காலி இடம் தாராளமாக இருந்தது.

"சரி, சரி, புது அலமாரி வாங்கித் தரேன்," என்றார் ரெக்னர். போடில் வாயைத் திறந்ததும் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். "எத்தனைன்னு வாயால சொல்லாதே, எழுதியும் தராதே. எந்தச் சுவர்னு மட்டும் விரலால காட்டு."

போடில் மூன்று சுவர்களைக் காட்டினாள்.