டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்குப் பொட்டு வைப்பதில் கஞ்சத்தனமே கிடையாது. ஆயுத பூஜை வந்தால் அரிவாள்மணை, சுத்தியல், டேபிள் ஃபேன் என்று எதையும் விடமாட்டார். தொண்ணூறுகளில் டெல்லியில், முனிர்காவில் குடியிருந்தபோது, ஒரு வருஷம் சரக்கு ஏற்றப் பழைய பிக்கப் வண்டி வேறு வாங்கியிருந்தோம். கேட்கவா வேண்டும்! ஸ்டியரிங், கண்ணாடி, நான்கு சக்கரம், பெட்ரோல் டேங்க் மூடி வரை கெட்டிச் சந்தனத்தை அப்பிவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா பாரு" என்றார்.

அந்த வண்டியில்தான் தேங்காயும் வாழை இலையும் அரிசி மூட்டையும் ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்குப் போகும். பூஜை முடிந்த வாரமே கல்யாணப் பெண் மக்கர் பண்ண ஆரம்பித்தாள். கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்புவாள். ஆர்.கே.புரம் தாண்டுவதற்குள் இரண்டு குலுக்கல், அப்புறம் ஆள் அவுட். கால்மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பக் கிளம்புவாள். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவினார், ப்ளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் "ஹோ கயா, பாபிஜி" என்பார். எல்லாம் சரியாகிவிட்டதாம். மறுநாள் அதே ஆர்.கே.புரம்.

கடைக்காரர்கள் வேறு வண்டி பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வண்டிய வித்துட்டு திருச்சிக்கே போயிடலாம். அண்ணன் கடையில ஒரு ஆள் வேணுமாம்."

நான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன், அவ்வளவுதான். எனக்கு டெல்லி பிடித்திருந்தது. அந்தக் குளிர் பிடித்திருந்தது. சுடிதார் போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறுவதும், எங்கே போய்விட்டு வருகிறாய் என்று யாரும் கேட்காததும் பிடித்திருந்தது. திருச்சியில் மூன்று குடும்பத்துக்கு ஒரே சமையலறை. அங்கே மறுபடி சின்ன மருமகளாகப் போய் நிற்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் நொந்துபோயிருந்த மனுஷனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கரோல் பாகில் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவருக்குக் காட்ட ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போனோம். நின்றால் தள்ள ஆள் வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன். வழக்கமான இடத்தில் நின்றது. அந்த வண்டியில் பெட்ரோல் முள் வேலை செய்யாது. தீர்ந்துவிட்டதோ என்று இவர் டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குச்சியை விட்டுப் பார்த்து, "இருக்கே" என்று மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது. கால்மணி நேரம் காத்திருக்கவே இல்லை.

எனக்கு வீட்டு எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. அதில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழாது. காற்று உள்ளே போக எதிர்ப்பக்கம் இன்னொன்று போடவேண்டும்.

"ஏங்க, அந்த மூடியில காத்து போக வழி இருக்கா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் வெச்சிருப்பான்."

"அவன் வெச்சிருப்பான். நீங்க விட்டு வெச்சீங்களா?"

தௌலா குவான் பக்கம் மறுபடி நின்றது. மூடியை வாங்கிப் பார்த்தேன். நடுவில் துளை இருக்கவேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தன. தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தி எடுத்தேன். இவர் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்புறம் ஒரு குலுக்கல்கூட இல்லை. வாங்க இருந்தவர் வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமலே இறங்கி, இவர் மட்டும் உள்ளே போனார். இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டி நல்ல விலைக்குப் போகுமே என்ற பயம் அப்போதுதான் வந்தது.

இவர் வந்து ஏறி வண்டியை முனிர்கா பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"விக்கலேன்னேன்."

"ஏன்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. என் பொண்டாட்டிக்கு இந்த ஊருதான் பிடிச்சிருக்குன்னேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"நீ எங்க சொன்னே? பாத்திரம்தான் சொல்லுச்சு."