இரட்டையரில் சின்னதன் எடை

நாற்பத்திரண்டு வயதில் அலுவலகம் அவளுக்குச் சூட்டியிருந்த பெயர் ‘குறுக்குவழி அக்கா’. மற்றவர்கள் இருபது வரியில் எழுதும் கணினி நிரலை ஏழு வரியில் முடித்துவிடுவாள். வீட்டுக்காரருக்கு அனுப்பும் செய்திகூட ‘பால்’ என்ற ஒற்றைச் சொல்தான். வாங்கி வர வேண்டியது அவர் பாடு.

ஒரு மருத்துவமனைக்காக அவள் எழுதிய நிரல், பச்சிளங்குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லும். குழந்தைக்கு ஒரு பதிவு. அதில் எடை, பிறந்த நேரம், படுக்கை எண். அவள் எழுதும் கணினி மொழியில் ஒரு சலுகை உண்டு. பதிவை ஒருமுறை திறந்து வைத்துவிட்டால், ‘இந்தக் குழந்தையின் எடை’ என்று ஒவ்வொரு தடவையும் நீட்டி முழக்க வேண்டாம். ‘எடை’ என்றாலே போதும். அவளுக்கு அது வெல்லக்கட்டி.

அன்று காலை ஒன்பதுக்குப் புதிய நிரல் வார்டுக்குப் போயிருந்தது. இரட்டைக் குழந்தைகள் மாறிவிடக் கூடாது என்று நர்சுகள் கேட்டதால், ஒன்றைத் திறந்தால் உடன்பிறந்ததும் பக்கத்தில் தெரியும்படி செய்திருந்தாள். பத்தரைக்குத் தேநீரும் கையுமாக அந்த வரிகளை மறுபடி பார்த்தவள் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு பதிவுகளையும் சேர்த்தே திறந்து வைத்திருந்தாள். அப்போது ‘எடை’ என்றால், கடைசியாகத் திறந்ததன் எடையைத்தான் அந்த மொழி எடுக்கும். அண்ணனுக்கு மருந்து கேட்டால் தம்பியின் எடைக்கு அளந்து சொல்லும். சோதித்துப் பார்த்ததெல்லாம் ஒற்றைக் குழந்தைகளை வைத்து. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இந்த ஆனை விழப்போகும் இடத்தில் ஒரு குழந்தை படுத்திருந்தது.

மேலாளரிடம் ஓடினாள். ஒரு மணி நேரத்தில் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடலாம் என்றார் அவர். வெளியே தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும், உன் தலைதான் உருளும் என்றும் சொன்னார். அதில் பொய் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை ஊசி போடுவார்கள் என்று கேட்டாள்.

தன் அறைக்குத் திரும்பி, அவளே வார்டுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். இரட்டையர் ஒரே ஜோடிதான் இருப்பதாக நர்ஸ் சொன்னாள். ஒன்று ஒன்றேகால் கிலோ, மற்றது இரண்டரை.

“சின்னதுக்குத் திரையில வர்ற மருந்து அளவு தப்பு சிஸ்டர். ரெண்டு மடங்கு காட்டும். போட்டுடாதீங்க.”

போனை மேசையில் போட்டுவிட்டு நர்ஸ் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தள்ளுவண்டியின் சக்கரம், எங்கோ ஓர் அழுகை. கொலைகாரி ஆகிவிட்டேனா என்று நினைத்தாள். மேலாளர் வாசலில் வந்து நின்றார்.

நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். “ஊசியில ஏத்திக் கையில எடுத்துட்டாங்க. போடல.” பிறகு, “தப்பு எப்படி ஆச்சு? நான் எழுதி வைக்கணும்” என்றாள்.

மேலாளர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எழுதிக்குங்க சிஸ்டர். தப்புப் பண்ணினது நான்.”