ஐந்து மணி நேரம் அடக்கியவர்

அப்பா கடைசி முறையாகப் பஸ் ஓட்டிய செவ்வாய்க்கிழமைதான் நான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அவர் வண்டியிலேயே, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஐந்து மணி நேரம் பயணம் செய்து ரயில் நிலையத்தில் இறங்கினேன். வழியில் இரண்டு இடங்களில் வண்டி நின்றது. பயணிகள் எல்லாரும் கழிப்பறைக்கு ஓடினார்கள். அப்பா மட்டும் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"உங்கப்பாவுக்கு டிப்போல பேரே ஒட்டகம்தான், தெரியுமா?" என்றார் நடத்துநர். "வண்டில ஏறினா கடைசி ஸ்டாப்லதான் இறங்குவாரு. நடுவுல சொட்டு கிடையாது."

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தோரு வருட வேலையில் அவருக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொல்வாள். அந்தச் சக்கரம் நான்கு வருடம் நாடு நாடாகச் சுற்றியது. கையில் காசு தீர்ந்தபோதெல்லாம் பயணிகள் விடுதிகளில் கழிப்பறை கழுவி, அதற்குப் பதிலாகப் படுக்க இடம் வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாதவர்களின் அழுக்கை முகம் சுளிக்காமல் தேய்த்தவள் நான். அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது வீட்டில் அப்பா, அண்ணன், ஆறு மாதக் கர்ப்பிணியான அண்ணி. மூன்று பேருக்கும் ஒரே குளியலறை. அதற்குள்ளேயே கழிப்பறை. நாலாவது ஆளாக நான் போய்ச் சேர்ந்தேன்.

புதன்கிழமைகளில் அப்பா விசித்திரமாக நடந்துகொண்டார். டிப்போ நண்பர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்புவார். கிளம்பும் முன் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார். பதினொன்றரைக்குத் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக் கடிகாரத்தையே பார்ப்பார். கொஞ்ச நேரம் இந்தப் பக்கம், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம், அப்புறம் குப்புற. சரியாகப் பன்னிரண்டரைக்குக் குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் வர மாட்டார். உள்ளே ஒரு தடவை தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்கும். நிற்கும். மறுபடி கேட்கும். பிறகு வாளி வாளியாகக் கொட்டுவார். சாயங்காலம் வரை ஒவ்வொரு முறையும் இதே கதை.

அன்றைக்குப் போட்ட துணியை அவரே துவைத்து, கொடியின் கடைக்கோடியில் தனியாகக் காயப்போடுவார். ஒருநாள் அண்ணி அதை எடுக்கப் போனபோது, "தொடாத, வெச்சிடு" என்று அதட்டிவிட்டார். குரல் உயர்த்திப் பேசுகிற மனிதரே இல்லை. அண்ணி சமையலறையில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் கை பட்டா மாமா துணி அழுக்காயிடுமா?" என்று கேட்டாள். எனக்கும் கோபம் வந்தது.

அடுத்த புதன்கிழமை நான் தலைக்கு ஷாம்பூ போட்டுக்கொண்டிருக்கும்போது மொட்டைமாடித் தொட்டி காலியாகிவிட்டது. தலை நிறைய நுரையோடு, கண் எரிய, பக்கத்து வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு நின்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான்கு பேரும் இருந்தோம். நான் ஆரம்பித்தேன்.

"டிப்போல பஸ் கழுவின பழக்கம் போகலையாப்பா? அஞ்சு மணி நேரம் அடக்கின ஒட்டகத்துக்கு இப்ப அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் கேக்குதே."

அண்ணனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அண்ணி குனிந்துகொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். இதை எழுதும்போது என் கண் முன் நிற்பது அந்தச் சிரிப்புதான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தவர், குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, ஒரு கைத் தண்ணீரில் கழுவிக்கொண்டார்.

அதற்கடுத்த புதன்கிழமையும் அவர் பதினொன்றரைக்கு வந்து படுத்தார். பன்னிரண்டரை ஆனது. எழுந்திருக்கவில்லை. ஒன்றரைக்கு அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள், பசியில்லை என்றார். இரண்டரைக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, வாயு என்றார். மூன்றரை மணிக்கு முகமெல்லாம் வியர்த்து, சுவரைப் பிடித்தபடி குளியலறைக்குப் போனார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. கதவைத் தள்ளினேன். கழிப்பறைக் கோப்பையில் ரத்தம்.

ஆட்டோவில் எந்த ஆஸ்பத்திரி என்று நான் யோசிப்பதற்குள் அப்பாவே வழி சொன்னார். எந்த வாசல், எந்த மாடி, எந்த அறை என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்த நர்ஸுக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

"ரெண்டு மணி நேரம் வெச்சிருந்து போயிடணும்னு சொன்னேன்ல ஐயா. ஏன் போகல?"

அப்பா சுவரைப் பார்த்தார். "அடக்குறது எனக்குப் பழக்கம்தானேம்மா."

"உள்ள இருந்தது புற்றுநோய் மருந்து. நேரம் தாண்டினா மூத்திரப்பையையே புண்ணாக்கிடும். இது நீங்க ஓட்டின லாங் ரூட் இல்ல."

பிறகு நர்ஸ் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். மூத்திரப்பையில் கட்டி இருந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நான் வருவதற்கு முன்னால், நண்பர்களோடு சுற்றுலா என்று வீட்டில் சொல்லிவிட்டு அப்பா இங்கே படுத்திருந்திருக்கிறார். கட்டி திரும்ப வராமல் இருக்க வாரம் ஒரு முறை குழாய் வழியாக நேராகப் பைக்குள் மருந்து விடுகிறார்கள். மொத்தம் ஆறு முறை. துணைக்கு ஆள் கேட்டதற்கு, "மக வெளிநாட்ல இருக்கா" என்று சொன்னாராம். நான் வந்த பிறகும் அதையே சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாள் அவர் ஓட்டுநர் உரிமத்தின் உறைக்குள் நான்காய் மடிந்திருந்தது. படித்தேன். மருந்து மூத்திரத்தோடு வெளியே வரும், ஆறு மணி நேரத்துக்கு ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், கையையும் மருந்து பட்ட தோலையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அப்பா பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்: கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றேன். உள்ளே போய் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

புண் ஆறட்டும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். இன்னும் இரண்டு முறை பாக்கி. அப்பா இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாதியில் விட்டால் கட்டி திரும்பி வரலாம் என்று டாக்டர் சொன்னதை அண்ணன் எடுத்துச் சொன்னான், கேட்கவில்லை. "அந்த இடத்துல வியாதின்னு வீடு முழுக்கத் தெரிஞ்சாச்சு. போதும்டா" என்றார்.

மடக்கியவள் அண்ணிதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"மாமா, நாளைக்கு பாத்ரூம் உங்களுக்கு. நான் காலைலயே பக்கத்து வீட்டுக்குப் போயிடுவேன். அவங்க வீட்ல டிவி பெரிசு. நீங்க போகலைன்னா எனக்கு டிவி போயிடும்."

அப்பா, "என்ன சீரியல்?" என்று கேட்டார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். திரும்பி வந்து கடிகாரத்தோடு குளியலறை வாசலில் உட்கார்ந்தேன். நேரமானதும் உள்ளே போனவர், "பாப்பா, தள்ளிப் போ. நீ அங்க இருந்தா வராது" என்றார். தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தேன். பிறகு, விடுதிகளில் போட்டுக்கொண்ட மாதிரியே கையுறை போட்டு அந்த இடத்தைத் துடைத்து, அவர் துணியை இரண்டு முறை அலசினேன். அவர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் சட்டென்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரிடம், "தண்ணி குடிங்கப்பா, நிறையக் குடிங்க" என்று மட்டுமே வாயில் வந்தது.

ஆறாவது முறையும் முடிந்தது. அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலில் சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது, கிளம்பிவிட்டேன். இந்த முறை பஸ்ஸில் ஏற்றிவிட்ட அப்பா, வண்டி நகரும் முன் கீழே இருந்தபடி, "வழியில நிறுத்தினா இறங்கிப் போயிடு, அடக்காத" என்று சொன்னார்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு விடுதியின் மாடிப்படியில் நான் துடைப்பத்தோடு இருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. போனில் எழுதத் தெரியாதவர், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருக்க வேண்டும்:

"இன்னிக்கும் கேமரா விட்டு பாத்தாங்க. சுத்தமா இருக்கு. ரெண்டு தடவ தண்ணி விடற பழக்கம் மட்டும் போகல. மொட்டமாடில இன்னொரு தொட்டி வெச்சிருக்கேன். நீ எப்ப வந்தாலும் தலைக்கு நிம்மதியா குளிக்கலாம்."