சந்தை நாளில் போடாத மாத்திரை

காலை ஐந்து நாற்பதுக்குக் குளச்சலில் பேருந்து ஏறினோம். நாகர்கோவில் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. என் இடது கால் பெருவிரலில் ஒரு புண், ஆறு வாரமாக ஆறவில்லை. பக்கத்து வீட்டு மேரிக்கு இப்படித்தான் தொடங்கி விரலை எடுத்தார்கள். எனக்கும் அந்தப் பயம்தான்.

கூட வந்தவள் நிவேதா, சென்னையில் படிக்கிற பிள்ளை. எங்கள் ஆட்கள் நோய்க்கு என்ன செய்கிறார்கள், ஆஸ்பத்திரியில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எழுத இரண்டு மாதமாக எங்கள் தெருவில் தங்கியிருக்கிறாள். கேள்வித்தாள் கிடையாது. அடுக்களையில் வந்து இருப்பாள், என்னோடு கருங்கல் ஊர்ச் சந்தைக்கு மீன் விற்க வருவாள், பார்த்ததை நோட்டில் எழுதுவாள். "ஏட்டி, இவ கஞ்சி குடிக்கியத எழுதவா ஒனக்குப் பட்டணத்துல படிப்பு?" என்று மேரி கேட்டாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

முதல் நாளே ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். வீட்டில் பார்ப்பதை என் சம்மதம் இல்லாமல் டாக்டரிடம் கூடச் சொல்லமாட்டாள் என்று அதில் இருந்தது. நானும் இரண்டு தடவை சத்தியம் கேட்டேன். காரணம் உண்டு. சர்க்கரை மாத்திரை போட்டால் எனக்கு வயிறு இளகும். சந்தையில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் சந்தைக்குப் போகிற நாளில் போடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது மட்டும் மாத்திரையும் பத்தியமும் ஒழுங்காக இருக்கும். எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான். டாக்டர் ஏசக்கூடாது பாருங்கள்.

மணவாளக்குறிச்சி, அம்மாண்டிவிளை தாண்டி ஏழு மணிக்கு முன்னே இறங்கினோம். சீட்டுக்கு நீண்ட வரிசை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். வெளியே சர்க்கரை இல்லாத சாயா பன்னிரண்டு ரூபாய். பதினொன்றே காலுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தச் சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சர்க்கரை நன்றாக இருக்கிறது, இதே மாத்திரை போதும், மருந்து வைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதத் தொடங்கினார். நான் நிவேதாவைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. வாய் திறக்கவில்லை. படித்த பிள்ளை இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது, அவள் வாயைக் கட்டியதே நான்தான். பின்னால் பெஞ்சு நிறைய ஆட்கள். ஆம்பிளைப் பிள்ளையிடம் வயிற்றுப்போக்கை எப்படிச் சொல்ல? அவர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"டாக்டரே, அது மூணு நாள் சர்க்கரையாக்கும்." அவர் நிமிர்ந்தார். "சந்தைக்குப் போற அன்னு நான் மாத்திரை போடியதில்ல. வயிறு எளகும். அங்க ஒதுங்க எடமில்ல."

ஏசுவார் என்று நின்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஒன்பது என்றேன். எழுதியதை அடித்துவிட்டு, வயிற்றைத் தொந்தரவு செய்யாத மாத்திரை உண்டு என்று வேறு எழுதினார். விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரிக்கச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் விரல் நுனியைத் தொட்டார். தொட்டதே எனக்குத் தெரியவில்லை. இன்றே ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும், விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்லமுடியாது என்றார்.

கட்டிலுக்குக் காத்திருந்தபோது பெஞ்சில் இருந்த ஒருத்தி நகர்ந்து வந்தாள். தேங்காப்பட்டணத்துக்காரி, அவளும் மீன் விற்கிறவள். "அந்தப் புது மாத்திரைக்க பேரு என்னக்கா? எனக்கும் இதே சங்கடந்தான்" என்று காதோடு கேட்டாள். சீட்டைக் காட்டினேன்.

"இத எழுதிக்க மக்ளே" என்றேன் நிவேதாவிடம். அந்த அக்கா சம்மதிக்காமல் எழுத முடியாது என்றாள்.

அந்தப் பெண் நோட்டைப் பார்த்தாள், டாக்டர் அறைக் கதவைப் பார்த்தாள். "பேரு போடண்டாம்" என்றாள். "மத்தத எழுது."

மாலையில் நிவேதா தனியாகப் பேருந்து ஏறினாள். ஒன்பதாம் நாள் நானும் ஏறினேன். இடது காலில் ஐந்து விரலும் இருந்தன.